ஃபெஸ் நகரை நடந்து பார்க்கும் முறை: முதன்முறை செல்வோருக்கு

மொரோக்கோவுக்குப் போகிறவர்களில் பலர் மராக்கெஷ் நகரை மையமாக வைத்துத் திட்டம் போட்டுவிட்டு, ஃபெஸ் நகருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு பகலில் வழிகாட்டி ஒருவரின் பின்னால் ஓடி, தோல் பதனிடும் குழிகளை ஏதோ ஒரு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கம்பளக் கடையில் தேநீர் குடித்துவிட்டு, தலைசுற்றலோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஃபெஸ் தலைசுற்ற வைக்கும் ஊர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிக்கலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஊர் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் கிடக்கிறது. தெரு இறங்கிக்கொண்டே போனால் நடுவிலுள்ள ஆற்றுப் பள்ளத்தை நோக்கிப் போகிறோம், ஏறிக்கொண்டே போனால் மதில் வாசல்களில் ஒன்றை நோக்கிப் போகிறோம். இந்தச் சரிவைக் காலால் உணரப் பழகிக்கொண்டவருக்குக் கைப்பேசி வரைபடம் அடிக்கடி தேவைப்படாது. கையில் மூன்று முழு நாட்கள் வைத்திருக்கும் ஒருவரை மனத்தில் கொண்டு, அவர் எதை எந்த வரிசையில் செய்தால் நல்லது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு விசா தேவை. மொரோக்கோ அரசு இணையவழி விசாவும் வழங்குகிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் பின்பாதி முதல் நவம்பர் வரையிலும் நடப்பதற்கு இதமான காலம். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். நகரம் கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருப்பதால் மாலைக் காற்று என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். பழைய வீடுகள் வெயிலைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை, குளிரைத் தடுப்பதற்காக அல்ல. தடித்த சுவர்களுக்கும் திறந்த முற்றத்துக்கும் நடுவே இரவில் நடுங்குவீர்கள். கம்பளிச் சட்டை அவசியம். ரமளான் மாதத்தில் போவதாக இருந்தால் பகலில் உணவகங்கள் பல மூடியிருக்கும், நேர அட்டவணைகள் மாறும், நாட்டின் கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கப்படும். ஆனால் நோன்பு திறந்த பின் தெருக்களில் எழும் களைக்காகவே அம்மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த மாதமானாலும் வெள்ளிக்கிழமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று கடைத்தெருவின் பெரும்பகுதி அடைத்திருக்கும். முக்கியமான நடையை வேறு நாளுக்கு வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையைத் தோட்டத்துக்கோ வெளியூர்ப் பயணத்துக்கோ ஒதுக்குவது நல்லது.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பழைய நகருக்குள், நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடுகள் விடுதிகளாக இயங்குகின்றன; அவற்றை ரியாத் என்றும் தார் என்றும் சொல்வார்கள். படத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது, கார் வந்து நிற்கக்கூடிய இடத்திலிருந்து அந்த வீடு எத்தனை நிமிட நடை என்பது. பாப் பூ ஜெலூத் வாசல், பத்தா சதுக்கம், ஐன் அஸ்லித்தேன், ர்சிஃப் சதுக்கம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றுக்கு ஐந்து நிமிடத் தொலைவுக்குள் இருக்கும் வீட்டையே எடுங்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு இருண்ட சந்துகளில் கதவு தேடி அலைந்த பிறகே எனக்கு இந்த அறிவு வந்தது.

வந்து சேர்தல்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடா நாடுகள் அல்லது ஐரோப்பா வழியாகக் கசபிளாங்காவில் இறங்குவார்கள். அந்த விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் உண்டு. காசா வொயாஜர் நிலையத்தில் வண்டி மாறினால் அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஃபெஸ் வந்துவிடும். ஃபெஸ்ஸின் சொந்த விமான நிலையமான சாய்ஸ், நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிலிருந்து அங்கு நேரடி விமானங்கள் உண்டு.

ஊருக்குள் ஓடும் சிறு டாக்சிகள் சிவப்பு நிறத்தவை. மூன்று பேர் வரை ஏறலாம். ஏறியதும் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். அதைப் போட மறுப்பவரோடு வாதிடுவதைவிட அடுத்த வண்டியைக் கைகாட்டி நிறுத்துவது எளிது. இரவில் கட்டணம் பகலைவிட ஒன்றரை மடங்கு என்பது அங்குள்ள நடைமுறை, அது ஏமாற்று வேலை அல்ல. மதில் வாசலோடு வண்டி நின்றுவிடும், அதற்கு மேல் கார் போகாது. வாசலருகே கைவண்டியோடு நிற்கும் ஆட்கள் பெட்டிகளை விடுதி வரை தள்ளி வருவார்கள். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே ஆளனுப்புவார், அதுவே உத்தமம்.

கைச்செலவுக்குத் திர்ஹாம் நோட்டுகள் வேண்டும். மொரோக்கோவின் நாணயத்தை வெளிநாட்டில் வாங்குவது கடினம் என்பதால், வந்திறங்கியதும் மாற்றிக்கொள்வதே வழி. மதரசாக்கள் என்னும் பழைய கல்விக்கூடங்களின் நுழைவுச் சீட்டு, தேநீர், கைவண்டிக் கூலி எல்லாம் சிறு தொகைகள். 200 திர்ஹாம் நோட்டை நீட்டினால் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். முதல் கடையிலேயே பெரிய நோட்டை உடைத்து, 10 திர்ஹாம் நாணயங்களும் 20 திர்ஹாம் நோட்டுகளுமாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: மேலிருந்து ஊரைப் படித்தல்

வந்த அன்றே சந்துகளுக்குள் இறங்க வேண்டாம். சூரியன் சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது டாக்சி பிடித்து, வடக்குக் குன்றின் மேலுள்ள, இடைக்காலத்தில் மொரோக்கோவை ஆண்ட மரீனிய மன்னர்களின் கல்லறைகளுக்குப் போங்கள். கல்லறைகள் சிதைந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அங்கிருந்து ஊர் முழுவதும் ஒரே பார்வையில் விரியும் என்பதற்காகத்தான் போக வேண்டும். இருட்டிய பிறகு அங்கே தனியாக நிற்காமல், கொண்டுவந்த டாக்சியையே காத்திருக்கச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

மேலிருந்து மூன்று ஊர்கள் தெரியும். கீழே கிண்ணத்துக்குள் நெருங்கிக் கிடப்பது ஃபெஸ் எல் பாலி, அதாவது பழைய ஃபெஸ். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் ஓர் ஊரை நிறுவினார். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் மேற்குக் கரையில் இன்னொன்றை எழுப்பினார். ஸ்பெயினின் கோர்தோபாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கிழக்குக் கரையிலும், துனிசியாவின் கைருவானிலிருந்து வந்தவர்கள் மேற்குக் கரையிலும் குடியேறினார்கள். ஆளுக்கொரு மதிலோடு எதிரெதிரே நின்ற இந்த இரட்டை ஊர்களை 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவிய அரச மரபினர் ஒன்றாக்கினார்கள். இன்றும் கிழக்குக் கரைக்கு அந்தலூசியர் பகுதி என்றே பெயர். அரண்மனையைச் சுற்றி மேற்கே மேட்டில் இருப்பது ஃபெஸ் எல் ஜதீத், அதாவது புதிய ஃபெஸ். இந்தப் ‘புதிய’ ஊரை மரீனியர்கள் கட்டத் தொடங்கிய ஆண்டு 1276. இதற்கும் அப்பால் அகன்ற சாலைகளோடு தெரிவது பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகரம். 1912இல் மொரோக்கோவைப் பிரான்சின் பாதுகாப்பு நாடாக மாற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது ஃபெஸ்ஸில்தான். அதன் பின் தலைநகரம் ரபாத்துக்குப் போனது. புதிய ஆட்சியாளர்கள் பழைய ஊரை இடிக்காமல் அதற்கு வெளியே தங்களுக்கு வேறொன்றைக் கட்டிக்கொண்டதால் எல் பாலி பிழைத்தது. 1981இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடமும் பெற்றது.

கிளம்புமுன் கண்ணால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேற்கே மேட்டில் பாப் பூ ஜெலூத் வாசல். நடுவே பச்சை ஓடு வேய்ந்த பெரிய கூரையோடு கரவிய்யீன் பள்ளிவாசல். அதற்குக் கீழே ஆற்றுப் பள்ளம். எதிர்க்கரையில் அந்தலூசியர் பகுதி. நாளைய நடை முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான்.

முதல் முழு நாள்: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

காலை ஒன்பது மணிக்குப் பாப் பூ ஜெலூத் வாசலில் நில்லுங்கள். வெளிப்பக்கம் நீல ஓடு, உட்பக்கம் பச்சை ஓடு பதித்த இந்த வளைவு வாயிலைப் பலர் இடைக்காலத்தது என்று எண்ணிப் படமெடுக்கிறார்கள். இது 1913இல் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் இரண்டு முக்கியத் தெருக்கள் பிரியும். ஒன்று தலா கபீரா, பெரிய ஏற்றம். மற்றது தலா ஸ்கீரா, சிறிய ஏற்றம். பெயரில் ஏற்றம் இருந்தாலும் நீங்கள் இறங்கத்தான் போகிறீர்கள். போகும்போது பெரியதில் இறங்கி, திரும்பும்போது சிறியதில் ஏறுங்கள்.

தெருவில் கால் வைத்ததும் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சொல் ‘பாலாக்’. வழிவிடு என்று பொருள். எரிவாயு உருளையும் தோல் மூட்டையும் சுமந்து வரும் கோவேறு கழுதைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். திரும்பிப் பார்ப்பதற்குள் மூட்டை உங்கள் தோளை உரசிவிடும், ஆகவே குரல் கேட்டதுமே சுவரோடு ஒட்டிவிடுங்கள். கழுதை நிற்காது.

சில நிமிட நடையில் வலப்புறம் பூ இனானிய்யா மதரசா வரும். இதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மரீனிய மன்னர் அபூ இனான் ஃபாரிஸ் 1350க்கும் 1355க்கும் இடையே கட்டிய கல்விக்கூடம் இது. தொழுகைக் கூடமும் மினாராவும் கொண்டது. முற்றம் வரை எல்லா மதத்தவரும் போகலாம், தொழுகைக் கூடத்துக்கு முன்னால் ஓடும் சிறு வாய்க்கால்தான் எல்லை. முற்றத்துச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். இடுப்பளவு வரை ஸெல்லிஜ் என்னும் வண்ண ஓட்டுத் துண்டுகள். அதற்கு மேல் எழுத்தும் கொடியுமாகச் செதுக்கிய சுதை. உச்சியில் தேவதாரு மரம். கை படும் உயரத்தில் தேயாத ஓடு, கண் நிற்கும் உயரத்தில் நுண்ணிய சுதை, மழையும் வெயிலும் தாக்கும் இடத்தில் முன்னோக்கி நீளும் மரம் என்று பொருளறிந்து பகுத்திருக்கிறார்கள். இந்த மூன்றடுக்கு ஒழுங்கு ஒருமுறை பிடிபட்டால், அடுத்து பார்க்கும் ஒவ்வொரு கட்டடமும் தானாகவே விளங்கும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா முப்பதாண்டுக் காலம் உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியபோது, அந்தப் பயணங்களை எழுத்தில் பதியச் சொல்லி ஆணையிட்டவர் இதே அபூ இனான். இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் கேட்டு எழுத, 1355இன் இறுதியில் நூல் முடிந்தது. சோழமண்டலக் கரையில் ஒதுங்கியதும், மதுரையை அப்போது ஆண்ட சுல்தானைச் சந்தித்ததும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்ததும், சிவனொளிபாத மலை ஏறியதும் அந்நூலில் வருகின்றன. 14ஆம் நூற்றாண்டு மதுரை பற்றி நம்மிடம் உள்ள நேரடிச் சாட்சியங்களில் முக்கியமான ஒன்று, இந்த முற்றத்தில் கொத்தர்கள் சுதை செதுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இவ்வரசரின் ஆணைப்படி உருவானது.

மதரசாவுக்கு எதிர்ச் சுவரில் மர வளைகளும் வரிசையாகச் சன்னல்களும் தெரியும். அது 1357இல் முடிந்த நீர்க் கடிகாரம். சன்னல்களின் கீழே வெண்கலக் கிண்ணங்கள் இருந்தன. மணிக்கொரு முறை ஒரு குண்டு கிண்ணத்தில் விழுந்து ஒலியெழுப்பியது. இயங்கிய நுட்பம் இன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாததால் அது ஓடுவதில்லை. நிமிர்ந்து பார்க்கத் தெரியாதவர்கள் அதன் கீழேயே நடந்து போய்விடுகிறார்கள்.

தலா கபீராவில் மேலும் இறங்கினால் சரக்குகள் மாறிக்கொண்டே வரும். இறைச்சிக் கடை வாசலில் ஒட்டகத் தலை தொங்கலாம். விலை கேட்பவர்களுக்குப் புத்திறைச்சி என்று காட்டும் அடையாளம் அது. பிறகு செருப்பு, பிறகு துணி, கடைசியில் மணப்பொருள் விற்கும் அத்தாரீன். வழியில் மருதாணிச் சந்தைக்குள் ஒதுங்குங்கள். பெரிய மர நிழலில் மட்பாண்டமும் மருதாணியும் விற்கும் அமைதியான சிறு சதுக்கம். 1286இல் மரீனியர்கள் தொடங்கிய மனநோயாளர் மருத்துவமனை இதன் அருகில்தான் இருந்தது. பக்கத்திலேயே நஜ்ஜாரீன், தச்சர்களின் சதுக்கம். அங்குள்ள 18ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரம் இப்போது மர வேலைப்பாட்டு அருங்காட்சியகம். உள்ளே வைத்திருக்கும் பொருட்களைவிட மூன்று தளமாக எழும் அதன் நடுமுற்றம்தான் எனக்குப் பிடித்தது. மாடியில் தேநீர் கிடைக்கும். கால் ஓயும் நேரத்துக்குச் சரியாக வரும் இடம் இது.

அடுத்து இரண்டாம் இத்ரீஸின் அடக்கத்தலம். அதைச் சுற்றியுள்ள சந்துகளில் தலை குனிந்தால்தான் நுழைய முடியும்படி குறுக்கே ஒரு மரக்கட்டை இருக்கும். சுமை விலங்குகளை நிறுத்தவும், புனித எல்லை தொடங்குவதை உணர்த்தவும் வைத்தது. மொரோக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்கும் இத்தகைய அடக்கத்தலங்களுக்கும் உள்ளே முஸ்லிம்கள் மட்டுமே போகலாம். மற்றவர்கள் வாசலில் நின்று பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. தொழுபவர்களின் முகத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பாதிருந்தால் போதும். முஸ்லிம் வாசகர்களுக்கு நகரம் இன்னொரு அடுக்காகத் திறக்கும். இந்த அடக்கத்தலத்தோடு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெருந்திரளாக மக்கள் வரும் சூஃபி ஞானி சீதி அஹ்மத் அத்திஜானியின் ஸாவியா என்னும் மடத்துக்கும் அவர்கள் போகலாம்.

அத்தாரீன் மதரசா 1325இல் முடிந்தது. பூ இனானிய்யாவைவிட மிகச் சிறியது. கூட்டம் சேர்ந்தால் முற்றத்தில் நிற்க இடமிருக்காது என்பதால் மதிய உணவு நேரத்தில் நுழையுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதன் சுதை வேலைக்கு இணையாக நகரில் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

அதையொட்டி கரவிய்யீன். கைருவானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணான ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி தம் பரம்பரைச் சொத்தைக் கொண்டு 859இல் நிறுவினார் என்று மரபு சொல்லும் பள்ளிவாசல் இது. பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கல்விமரபு அறுபடாமல் தொடர்ந்ததால், இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் மிகப் பழமையானது என்று இதைச் சொல்கிறார்கள். இடைக்கால மதரசாவைப் பல்கலைக்கழகம் என்று அழைக்கலாமா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவதும் உண்டு. கட்டடத்தைச் சுற்றிவந்தால் பல வாசல்கள். திறந்திருக்கும் ஒன்றின் வழியே முற்றத்து நீரூற்று மண்டபம் தெரியும். தொழுகை முடிந்து கதவுகள் திறக்கும் நேரத்துக்காக ஐந்து நிமிடம் காத்திருப்பதில் நட்டமில்லை.

கரவிய்யீனின் நூலகத்தை ஒட்டிய ஸஃப்பாரீன் சதுக்கத்தில் நடையை முடியுங்கள். செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் இடம். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் மாபெரும் அண்டாக்களைக் காலிடுக்கில் வைத்து, ஆளுக்கொரு தாளத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் எழ மனம் வராது. அங்கிருந்து கீழே இரண்டு நிமிட நடையில் ர்சிஃப் சதுக்கம். கால் வலித்தால் அங்கேயே சிவப்பு டாக்சி கிடைக்கும், ஏற்றத்தில் திரும்பி நடக்க வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் மூச்சிரைக்கத் தலா ஏறியவர்கள் ஏராளம்.

வழிகாட்டிகளும், வழி சொல்ல வருபவர்களும்

உங்கள் முகத்தில் தயக்கம் தெரிந்த அடுத்த நொடி ஓர் இளைஞர் பக்கத்தில் நடப்பார். ‘இந்தத் தெரு அடைத்திருக்கிறது’, ‘தோல் குழிகள் இந்தப் பக்கம்’, ‘எனக்குப் பணம் வேண்டாம், ஆங்கிலம் பழகத்தான்’ என்பவை வழக்கமான தொடக்கங்கள். தெரு பெரும்பாலும் அடைத்திருக்காது. ‘லா, ஷுக்ரான்’ (வேண்டாம், நன்றி) என்று புன்னகையோடு ஒருமுறை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். நின்று விளக்கம் சொல்வதுதான் வம்பை வளர்க்கும். உண்மையிலேயே வழி தவறினால் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். கடையை விட்டுவிட்டு அவர் உங்களோடு வரமாட்டார், அதனால் அவர் சொல்வது நம்பத்தக்கது. யாரிடம் கேட்டாலும் விடுதியின் பெயரைச் சொல்லாமல், அருகிலுள்ள வாசலையோ சதுக்கத்தையோ சொல்லிக் கேளுங்கள்.

அதிகாரபூர்வ வழிகாட்டிகள் அரசு கொடுத்த அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள். அரை நாள் ஒருவரை அமர்த்துவதில் பயன் உண்டு. ஆனால் முதல் நாளே வேண்டாம். தனியாக நடந்து, சரிவு பிடிபட்டு, மனத்தில் கேள்விகள் சேர்ந்த பிறகு இரண்டாம் நாள் அமர்த்துங்கள். ‘கடைகளுக்கு அழைத்துப்போக வேண்டாம்’ என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் அழைத்துப்போகும் கடையில் நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் அவருடைய பங்கும் சேர்ந்திருக்கும்.

தனியாகச் செல்லும் பெண்கள் பகலில் முக்கியத் தெருக்களில் தயங்க வேண்டியதில்லை. கேலிப் பேச்சு காதில் விழலாம், பதில் சொல்லாமல் நடப்பதே அங்குள்ள பெண்களும் கடைப்பிடிக்கும் வழி. தோளும் முழங்காலும் மூடிய உடை ஆண் பெண் இருவருக்குமே மரியாதை சேர்க்கும். கடைகள் அடைத்த பின் கிளைச் சந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்: தோல் குழிகளும் எதிர்க்கரையும்

ஷுவாரா தோல் பதனிடும் இடம் ஸஃப்பாரீனுக்கு வடகிழக்கே, ஆற்றோரமாக இருக்கிறது. காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் குழிகளில் ஆட்கள் இறங்கி வேலை செய்வதைப் பார்க்கலாம். சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடிகளிலிருந்துதான் பார்க்க முடியும். நுழையும்போது கையில் ஒரு புதினாக் கொத்தைக் கொடுப்பார்கள், மூக்கருகே பிடித்துக்கொள்வதற்காக. வேண்டாம் என்று வீரம் காட்டியவர்கள் சிறிது நேரத்தில் கேட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையாகத் தெரியும் குழிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர். சுண்ணாம்பு மயிரைக் கழற்றும். எச்சத்தில் உள்ள அம்மோனியாவும் பிற பொருட்களும் தோலை மிருதுவாக்கும். ஆட்கள் இடுப்பளவு இறங்கித் தோலைக் காலால் மிதிக்கிறார்கள். பிறகு வண்ணக் குழிகள். மாதுளையும் குங்குமப்பூவும் அவுரியும்தான் சாயம் என்று கடைக்காரர் சொல்வதை முழுவதுமாக ஏற்க வேண்டாம். இன்று செயற்கைச் சாயங்களும் புழங்குகின்றன. பார்த்து முடித்ததும் கடைக்காரர் பைகளையும் மேலங்கிகளையும் விரிப்பார். வாங்க எண்ணமில்லை என்றால், மாடி காட்டியதற்கு ஒரு சிறு தொகையை அவர் கையில் வைத்துவிட்டுத் தயங்காமல் வெளியேறலாம். கீழே முதுகு வளைய உழைப்பவர்களை வேடிக்கைப் பொருளாக்கி நெருக்கத்தில் படமெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

அங்கிருந்து ர்சிஃப் வழியாக ஆற்றைக் கடந்து அந்தலூசியர் பகுதிக்கு ஏறுங்கள். பயணிகள் அதிகம் வராத கரை இது. யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், வீடுகளில் பிசைந்த ரொட்டி மாவைத் தட்டில் ஏந்தித் தெருவின் பொது அடுப்புக்குக் கொண்டு போவார்கள். ஃபாத்திமாவின் சகோதரி மர்யம் நிறுவியதாக மரபு சொல்லும் அந்தலூசியப் பள்ளிவாசலின் உயர்ந்த வாயிலும், நடுவில் நீண்ட நீர்த்தொட்டி கொண்ட ஸஹ்ரீஜ் மதரசாவும் இங்கே இருக்கின்றன.

மாலையை ஃபெஸ் எல் ஜதீதுக்கு வையுங்கள். ஜ்னான் ஸ்பீல் தோட்டத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, அரண்மனையின் பித்தளைக் கதவுகளை வெளியிலிருந்து பார்த்து, ஒட்டியுள்ள மெல்லாஹ்வுக்குள் நடக்கலாம். 1438இல் உருவான யூதர் குடியிருப்பு இது. உள்நோக்கிய முஸ்லிம் வீடுகளுக்கு மாறாக, தெருவைப் பார்த்த மர மாடங்கள் இங்கே வரிசையாக நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் இப்னு தனான் தொழுகைக்கூடமும், வெள்ளையடித்த கல்லறைகள் நிறைந்த இடுகாடும் பார்க்கத் தக்கவை. மக்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள், மாடங்கள் இருக்கின்றன.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டும். ‘ப்லா ல்ஹம்’ என்றால் இறைச்சி இல்லாமல். அப்படிச் சொன்னாலும், மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் காய்கறித் தஜீனில் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. உறுதியாக நம்பக்கூடியது பிஸாரா. காய்ந்த மொச்சை வகையை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தரும் காலை உணவு. ரொட்டியோடு ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். விலையும் மிகக் குறைவு. கத்தரிக்காயைத் தக்காளி, பூண்டோடு மசித்த ஸாலூக்கும் சைவம். தெருவோரம் எண்ணெய் தடவிய கல்லில் மடித்து மடித்துச் சுடும் ம்ஸெமென், நம் பரோட்டா சதுரமாகப் பிறந்தது போல இருக்கும். தேன் தடவித் தருவார்கள்.

அசைவர்கள் ஃபெஸ்ஸில் தேட வேண்டியது பஸ்தீலா. தாள் போன்ற மாவடுக்குகளுக்குள் புறாவோ கோழியோ, முட்டை, பாதாம் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரையும் இலவங்கப்பட்டைப் பொடியும் தூவிய பண்டம். இனிப்பும் இறைச்சியும் சேருமா என்ற ஐயம் முதல் கவளம் வரைதான். வெள்ளிக்கிழமை மதியம் வீடுகளிலும் உணவகங்களிலும், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ். விடுதியில் முதல் நாளே சொல்லி வைத்தால் அவர்கள் குடும்பத்துக்குச் சமைப்பதையே உங்களுக்கும் தருவார்கள். புதினாத் தேநீரில் சர்க்கரை அள்ளிப் போடுவார்கள். நீரிழிவு உள்ளவர்கள் ‘ப்லா சுக்கர்’ என்று முன்னதாகவே சொல்ல வேண்டும்.

ஹம்மாம்

பொதுக் குளியல்கூடத்துக்கு ஒருமுறையாவது போகாமல் வராதீர்கள். சொகுசு விடுதிகளின் நறுமண ஹம்மாம்களைச் சொல்லவில்லை. தெருமக்கள் போகும் கூடத்தைச் சொல்கிறேன். ஸஃப்பாரீன் சதுக்கத்தருகே இருப்பது மரீனியர் காலத்தது, பழுதுபார்த்து இன்றும் இயங்குகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு வேறு. விடுதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாளி, துண்டு, மாற்று உள்ளாடை, செருப்பு ஆகியவற்றோடு, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பும், கீஸா என்னும் சொரசொரப்பான கையுறையும் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாடையோடுதான் குளிக்க வேண்டும்.

உள்ளே ஒன்றைவிட ஒன்று சூடான அறைகள். கடைசி அறையில் சோப்பைப் பூசிக்கொண்டு வியர்க்க உட்கார்ந்து, பிறகு தேய்த்துவிடும் ஆளிடம் உடலை ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு அழுக்கோடு இத்தனை காலம் நடமாடியிருக்கிறோம் என்று கண்ணெதிரே தெரியும். வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். நடு அறைக்கு வந்து ஆறிய பின்னரே வெளியே செல்லுங்கள், குறிப்பாகக் குளிர்காலத்தில்.

வாங்குதல்

முதல் இரண்டு நாளும் விலை மட்டும் கேளுங்கள், வாங்காதீர்கள். ‘ப்ஷ்ஹால்’ என்றால் என்ன விலை. ‘காலி பஸ்ஸாஃப்’ என்றால் மிக அதிகம். நான்கு கடையில் கேட்டால் உண்மை விலை தானாகத் தெரிந்துவிடும். உங்கள் விலையைக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்காமல் போவது அங்கே மரியாதைக் குறைவு. ஆகவே வாங்கும் எண்ணமில்லாமல் விலை சொல்லாதீர்கள். ‘கற்றாழைப் பட்டு’ என்று காட்டப்படும் பளபளப்பான துணி பெரும்பாலும் ரேயான் நூல். அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கலாம், பட்டு விலை கொடுக்க வேண்டாம். நீல மட்பாண்டமும் ஸெல்லிஜும் வேண்டுமானால் டாக்சியில் ஐன் நொக்பி குயவர் பகுதிக்குப் போங்கள். ஓடுகளை உளியால் கொத்திக் கொத்தி நட்சத்திரமாக்குபவர்களையும், ஆலிவ் கொட்டைச் சக்கையை எரித்துச் சூளை மூட்டுவதையும் நேரில் பார்க்கலாம். நம் ஊரில் துருக்கித் தொப்பி என்று பெயர் பெற்ற சிவப்புக் குஞ்சத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் இந்நகரின் பெயர்தான்; அதுவும் கடைகளில் கிடைக்கும், போட்டுக்கொண்டு திரிய உள்ளூர் இளைஞர் யாரும் துணிவதில்லை.

மூன்றாம் நாள்

ஒரு டாக்சியை நாள் வாடகைக்குப் பேசி வொலுபிலிஸ் இடிபாடுகள், மூலே இத்ரீஸ், மெக்னெஸ் நகரம் மூன்றையும் சுற்றி வரலாம். வொலுபிலிஸில் ரோமானியர் காலத்துத் தரை ஓவியங்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. நிழல் இல்லை, காலையிலேயே போய்விடுங்கள். மூலே இத்ரீஸ், முதலாம் இத்ரீஸ் அடங்கியுள்ள மலையூர்.

மறுநாள் விடியலில் கிளம்புவதாக இருந்தால், முந்தைய இரவே விடுதிக்காரரிடம் சொல்லிக் கைவண்டி ஆளை ஏற்பாடு செய்யுங்கள். தானாக யாரும் அந்நேரம் வாசலில் நிற்க மாட்டார்கள். மிஞ்சிய திர்ஹாம்களை நாட்டை விட்டு வெளியேறும் முன் மாற்றிவிட வேண்டும், வெளியே அவற்றை எளிதில் யாரும் வாங்குவதில்லை. கைவண்டிக்காரருக்கான நாணயங்களை மட்டும் தனியே எடுத்து, பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.